கடல் என்றால் கடல்தானே

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, ஏதோ புதையல் எடுத்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொள்ளத் தேவையில்லை. மடையர்களில் பல வகை உண்டு. நான் துறைமுகத்து மடையன். இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் பிறந்து, கப்பல் கந்தோரில் கிளாக்கர் வேலையும் பார்த்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் ஓர் இசைக்குழுவையே கடலில் விட்டவன். (கடலில் விட்டவன் என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே விட்டேன்.)

எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் குழுவின் பெயர் 'பிளாக் ஆங்கர்', அதாவது கறுப்பு நங்கூரம். ஹார்ட் ரொக் குழு. திருகோணமலையில் மட்டுமல்ல, கிழக்கு மாகாணத்திலேயே அப்படி ஒன்று அப்போது இருக்கவில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஏன் இருக்கவில்லை என்று ஒருநாளாவது யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

மூன்று பேர். பாட்டும் லீட் கிட்டாரும் அன்ரன். பாலையூற்றுப் பொடியன், கிறிஸ்தவக் கோயில் கொயரில் பாடிப் பழகிய குரல், பார்க்கவும் வடிவு. டிரம் நசீர், கிண்ணியாக்காரன், மெலிந்த ஆள், ஆனால் அவன் அடித்தால் பக்கத்து வளவுக் கோழி முட்டை இடாது. மூன்றாவது நான், பேஸ் கிட்டார். பேஸ் கிட்டார் என்பது என்னவென்றால், அது இருந்தால் ஒருவருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். என்ன குறைகிறது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். எனக்குப் பொருத்தமான வாத்தியம்.

நசீரின் மாமா துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறியும் இளநீரும் ஏற்றுகிறவர். அவர் மூலமாக ஒரு மாலுமியிடமிருந்து கிடைத்த கசெற்றுகளில்தான் எங்கள் கல்வி முழுவதும் நடந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். கிட்டார்க் கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்துக் கட்டினோம். டிரம்முக்குக் கிண்ணியா ஆட்டுத்தோல். கசெற்றில் வரும் இங்கிலீசு அரைவாசி விளங்காது; அன்ரன் விளங்காத இடத்தில் இன்னும் கூடுதலாகக் கத்துவான். சொந்தமாக ஒரு தமிழ்ப் பாட்டும் வைத்திருந்தோம். வரிகள் அடியேன்:

இரும்புக் கப்பல்! இரும்புக் கப்பல்!
இறங்கி வாடா இரும்புக் கப்பல்!

(கப்பல் எங்கேயிருந்து இறங்கும் என்று அம்மா கேட்டாள். கலைஞனிடம் கேட்கும் கேள்வியா அது?)

அப்பா போன பிறகு உட்துறைமுகப் பக்கத்து வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா அதிகம் பேசமாட்டாள். நான் வெளியில் பகிடிவிட்டு எல்லாரையும் சிரிக்கவைத்துத் திரிகிறவன். வீட்டுக்குள் வந்ததும் பகிடி சொல்ல ஆளில்லாமல் கதிரையில் சும்மா குந்தியிருப்பேன். கரையோரத்துப் பழைய வள்ளக் கொட்டிலில் பயிற்சி முடிந்து அவர்கள் இருவரும் வீட்டுக்கு வந்தால்தான் குசினியில் கேத்தில் கொதிக்கும் சத்தத்தோடு மனிதச் சத்தமும் கேட்கும். ஹார்ட் ரொக் மேல் எனக்கு இருந்த காதல் உண்மையில் அந்தத் தேத்தண்ணி நேரத்தின் மேல் இருந்த காதல்தான் என்பது பிற்பாடு விளங்கியது. அப்போது கேட்டிருந்தால், கலைக்காக உயிரையே விடுவேன் என்று சொல்லியிருப்பேன்.

எங்கள் எழுச்சி சாம்பல்தீவில் தொடங்கியது. அங்கே ஒரு விளையாட்டுப் போட்டி முடிவில் வாசித்தோம். சனம் கடைசிவரை அசையாமல் இருந்தது. எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எங்களுக்குப் பிறகு திரையில் படம் காட்டப்போகிறார்கள் என்பது வீட்டுக்கு வரும்போதுதான் தெரிந்தது. ஆனாலும் பெயர் பரவியது. நகரத்தில் பொடியள் சிலர் அன்ரனைப் போலத் தலைமயிர் வளர்த்தார்கள். பார்பர் ஒருவர் தொழில் போகிறது என்று என்னை மறித்து ஏசவேண்டிய அளவுக்குப் புகழ்.

பிறகு ஒவ்வொரு இடமாகக் கதவு மூடியது. கலியாண வீட்டுக்குப் போனால், "தம்பியவை, பைலா ஒண்டு போடுங்கோவன்" என்பார்கள். பைலா என்றால் சனம் எழும்பி ஆடுகிற துள்ளல் பாட்டு. நாங்கள் அதைப் போடமாட்டோம், கொள்கை. அப்போது அவர்கள் செய்வது ஒன்றுதான்: ஒரு பாட்டு முடிந்து மற்றப் பாட்டுத் தொடங்குவதற்கு முதல், யாராவது ஒரு மாமா போய் வயரைப் பிடுங்கிவிடுவார். கோயில் விழாவில் பிடுங்கினார்கள், பள்ளிக்கூட விழாவில் பிடுங்கினார்கள். அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன்: பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியே விடக்கூடாது. மூச்சு விட்டால் வயர் போச்சு. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்திருங்கள். எங்களைக் கொன்றதில் அதற்கும் பங்கு உண்டு.

அந்த நேரத்தில்தான் குழுவுக்கே கண்டம் வந்தது. நசீருக்கு மாமா வெளிநாட்டுக் கப்பலில் வேலை தேடி வைத்துவிட்டார். அன்ரனைக் கொழும்புக்கு வரச்சொல்லி அவனுடைய அத்தான் நெருக்கினார்.

"ஊரில ஒரு நிரந்தரத் தொழில் எண்டா வாப்பா இருக்க உட்டுருவார் மச்சான்," என்றான் நசீர். "இல்லாட்டி நான் கப்பல்தான்."

நிலாவெளிக் கடற்கரையில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டல் ஒன்றில் சனிக்கிழமைகளுக்கு வாத்தியக்குழு தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முகாமையாளரைப் போய்க் கண்டேன். யாழ்ப்பாணத்து மனிதர், பருத்த உடம்பு, சிரித்த முகம். "எங்கையாவது வாசிக்கேக்கை சொல்லுங்கோ, வந்து பாக்கிறன்," என்றார்.

எங்கே வாசிப்பது? தரையில் எங்களுக்கு இடமில்லை. தரையில்தானே மாமாக்கள் இருக்கிறார்கள்? கடலில் மாமா ஏது, பிடுங்க வயர் ஏது! இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஜெனரேற்றரை ஏற்றிக் கடலிலிருந்து வாசிப்போம், சனம் கரையில் இருந்து கேட்கட்டும் என்று நான் சொன்னபோது அன்ரன் என்னைக் கட்டிப்பிடித்தான். என் வாழ்க்கையில் என்னை ஓர் அறிவாளி என்று யாராவது நம்பிய ஒரே நாள் அது.

மீனவ ஊரான சல்லியிலிருந்து வள்ளக்காரர் சின்னராசா அண்ணை வள்ளங்களைக் கொண்டுவந்தார். உட்துறைமுகத்தில், எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, பரீட்சித்துப் பார்த்தோம். அற்புதம்! கரையில் இருந்த தேத்தண்ணிக் கடைக்காரர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "நிப்பாட்டுங்கடா! இஞ்சை ஆக்கள் ஓடர் குடுக்கிறது கேக்கேல்லை!" என்று கத்தினார். அதைவிட வேறு நற்சான்றிதழ் வேண்டுமா?

ஆனால் துறைமுகக் கந்தோர் மறுத்துவிட்டது. கப்பல் நிற்கிற இடத்தில் கூத்து ஏலாது என்றார்கள். நான் அசரவில்லை. எங்கள் நகரம் கடலுக்குள் நீட்டிய நாக்கு. மேற்கே உட்துறைமுகம் என்றால் கிழக்கே டச்சுக்குடா. நடுவில் சைக்கிளில் ஒரு சின்ன ஓட்டம். டச்சுக்குடாவில் அகன்ற மணல், பின்னேரமானால் ஊரே அங்கேதான். வள்ளங்களை அங்கே கொண்டுபோகச் சொன்னேன்.

நசீர் மட்டும் தாடையைச் சொறிந்தான். "அங்காலயும் இப்பிடிக் கேக்குமா மச்சான்?"

"கடல் எண்டால் கடல்தானே!" என்றேன் நான். "தண்ணி ஒண்டுதானேடா!"

ஆடி மாதம். கச்சான் காற்றுக் காலம். கச்சான் மேற்கிலிருந்து வரும். உட்துறைமுகத்தில் அது கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். எங்கள் சத்தத்தைத் தூக்கிக் கொண்டுபோய்த் தேத்தண்ணிக் கடைக்காரரின் காதில் ஊற்றியது அதுதான். ஊருக்கு மறுபக்கம் போனால் அதே காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். இது எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததை யோசிக்கவேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் டச்சுக்குடாவில் நல்ல சனம். வெள்ளைச் சேட்டு அணிந்த முகாமையாளர் கதிரை போட்டு முன்னால் இருந்தார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்; வலைக்கு அப்பால்தான் நிற்கவேண்டும் என்பதால், நாங்கள் நினைத்ததைவிடத் தூரத்தில் சின்னராசா அண்ணை நங்கூரத்தைப் போட்டார். போட்டுவிட்டு, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

தொடங்கினோம். ஐயோ, அன்றைக்கு வாசித்ததுபோல நாங்கள் என்றுமே வாசித்ததில்லை! அன்ரன் துள்ளினான், முழங்காலில் விழுந்தான், கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்தான். நசீர் அடித்த அடியில் வள்ளம் நடுங்கியது. ஒலிபெருக்கிச் சத்தமும் ஜெனரேற்றர் இரைச்சலும் சேர்ந்து வேறொன்றும் எங்கள் காதில் விழவில்லை. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியும் இல்லை, சட்டம் சட்டம்தான்.

கரையில் சனம் எழும்பிக் கை காட்டத் தொடங்கியது. முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு எல்லாரும், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, வா வா என்று. நானும் ஒரு கையால் காட்டினேன். (மற்றக் கையால் வாசித்தேன். பேஸ் கிட்டாரில் இது சாத்தியம். ஒருவரும் வித்தியாசம் காணமாட்டார்கள்.)

"அவைக்கு இன்னும் வேணுமாமடா!" என்று அன்ரனின் காதில் கத்தினேன். இரும்புக் கப்பலை இரண்டாம் முறை தொடங்கினோம்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் சிறுத்ததுபோலப் பட்டது. பிறகு இன்னும் சிறுத்தது. எழும்பிப் போகிறார்களோ என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன்: கூட்டம் மட்டுமல்ல, தென்னைமரங்களும் சிறுத்திருந்தன. தென்னைமரம் எழும்பிப் போகாது.

அதற்குள் அன்ரன் மேலே கையைக் காட்டினான். கோட்டைக்கு அங்கால், கடலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற மலையின் விளிம்பில், கோயில் மதிலோரம் முழுக்கச் சனம்! எட்டி எட்டி எங்களைப் பார்க்கிறார்கள். கரையில் இடம் போதாமல் மலையில் ஏறி நின்று பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். முன்வரிசையில் ஒரு மனுசி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றாள். கை தட்டுகிறாள் என்று அவளுக்கும் குனிந்து ஒரு வணக்கம் வைத்தேன். அது என்னுடைய அம்மா.

அப்போது ஜெனரேற்றரில் எண்ணெய் முடிந்தது.

அந்த அமைதியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. முதலில் காற்றின் சத்தம் மட்டும். பிறகு, அந்தக் காற்றிலேயே, கரையில் பேசுவது எல்லாம் பக்கத்தில் இருந்து பேசுவதுபோலத் தெளிவாக வந்தது.

"நங்கூரம் விட்டிட்டுதடா! வள்ளம் போகுதடா!"

"எடேய், திரும்பி வாங்கோடா!"

"என்னத்தை வாசிச்சவங்கள்?"

"ஆருக்குத் தெரியும்? ஒரு சத்தமும் வரேல்லை. ஊமைப் படம் மாதிரிக் கிடந்தது."

"பைலா தெரியுமோ எண்டு கேளுங்கோடா!"

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு பருத்த மனிதரின் வயிறு குலுங்கும் சிரிப்பு. நாங்கள் கரைக்கு அனுப்பிய இசையில் ஒரு துளியும் போய்ச் சேரவில்லை. கரை அனுப்பியது மட்டும் ஒன்று விடாமல் வந்து சேர்ந்தது. 'கறுப்பு நங்கூரம்' நங்கூரம் கழன்று, மலையடிக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது. சின்னராசா அண்ணை கண் விழித்து, காதுப் பஞ்சை எடுத்து, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

கரைவலைக்காரர்கள்தான் வந்து எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மீனோடு மீனாக இறங்கினோம். முகாமையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ, நான் கனகாலத்துக்குப் பிறகு இப்பிடிச் சிரிச்சனான். பாட்டு எப்பிடி எண்டு தெரியாது. ஆனா அந்தப் பாடுற பிள்ளை நல்ல வடிவு, ஆட்டமும் இருக்கு. அவரை மட்டும் அனுப்புங்கோவன். மெதுவான பாட்டுகள் பழக்கி எடுப்பம்."

அன்ரன் உடனே சொன்னான்: "மூண்டு பேரும் எண்டால்தான்."

அங்கேதான் நான் பெரிய மனிதனாக நடந்துகொண்டேன். "சீ, போடா! எங்களைப் பாராதை!" என்று முதுகில் தட்டினேன். அவன் போகமாட்டான் என்ற முழு நம்பிக்கையில் சொன்னது. அவன் நான் சொன்னதை நம்பிப் போய்விட்டான்.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. நான் இந்தக் குழுவை விட்டுவிடவேண்டும் என்று நேர்ந்துகொள்ளத்தான் அவள் அன்று மலைக்குப் போயிருந்தாள். காற்று முழுக் கச்சேரியையும் நேரே அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

"அன்ரன் கத்தினது கேட்டது. நசீர் தம்பி அடிச்சதும் கேட்டது. ஐயர் மணி அடிச்சதுதான் கேக்கேல்லை."

"நான் வாசிச்சது?"

அம்மா யோசித்தாள். "கீழை ஆரோ மா இடிக்கினம் எண்டு நினைச்சனான். அது நீயே?"

என் கலைவாழ்க்கைக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். இன்றைக்கும் எங்கள் சொந்தத்துக்குள் அரிசிமா இடிக்கிற வீட்டுக்கு நான் போனால், "வாத்தியக்காரர் வாறார், உலக்கையைக் குடுங்கோ" என்பார்கள்.

நசீர் அடுத்த மாதமே கப்பலுக்குப் போனான். டிரம்மை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, "பாத்துக்க மச்சான்," என்றான். பஸ் வெளிக்கிடும்வரை நான் பகிடி விட்டுக்கொண்டே நின்றேன். அவனும் சிரித்துக்கொண்டே இருந்தான். பஸ் போன பிறகும் என் வாயில் பாதிப் பகிடி ஒன்று மிச்சம் இருந்தது.

பேஸ் கிட்டாரைத் தனியாக வாசித்திருக்கிறீர்களா? வாசிக்காதீர்கள். மற்றவர்கள் இருந்தால்தான் அது வாத்தியம்; தனியே இருந்தால் அது ஒரு சத்தம். முன்னறையில் இருந்து தும், தும் என்று தட்டுவேன். அன்ரன் பாடவேண்டிய இடம் வரும்போது விட்டுக் காத்திருப்பேன். வீட்டில் ஒன்றும் கேட்காது. பிறகு திரும்பவும் தும், தும். அம்மா நசீரின் டிரம்மின் மேல் மிளகாய் காயவைத்திருந்தாள். நேர்ந்தது பலித்ததில் அவளுக்குப் பெரிய சந்தோசம் இருந்ததாகத் தெரியவில்லை. தேத்தண்ணி நேரம் வந்தால் வாசலை எட்டிப் பார்த்து, "பொடியள் இனி வரமாட்டினமோ?" என்று என்னையே கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நிலாவெளிக்குப் பஸ் எடுத்தேன். ஹோட்டல் வாசலில் காவல்காரர் என் களிசானையும் செருப்பையும் பார்த்துவிட்டு உள்ளே விடவில்லை. கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போய், ஹோட்டல் வேலிக்கு இப்பால் ஒதுங்கி நின்றேன். தூரத்தில் அன்ரன் தெரிந்தான். தலைமயிர் வெட்டி, கழுத்தில் வண்ணாத்திப்பூச்சி முடிச்சுப் போட்ட ஒரு டை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.

இந்த முறை எனக்கு விளங்கியது. (மடையனும் ஒரு பாடத்தை ஒருமுறையாவது படிப்பான்.) செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினேன். முழங்கால், தொடை, இடுப்பு. அங்கே, ஹோட்டலுக்கு நேரே, காற்று அவன் குரலைக் கொண்டுவந்து தந்தது. ஏதோ மெதுவான இங்கிலீசுப் பாட்டு. கத்தாமல் பாடினால் அவன் குரல் இவ்வளவு நல்லதா என்று அன்றுதான் தெரிந்தது. நாங்கள் அவனை அப்படிப் பாட விட்டதே இல்லை. தண்ணீருக்குள் என் விரல்கள் தொடையில் தும், தும் என்று தட்டிக்கொண்டிருந்தன. பாட்டு முடிய நான் கை தட்டினேன். தட்டிய பிறகுதான் நினைவு வந்தது: அந்தச் சத்தம் போகும் திசையில் அன்ரன் இல்லை.

திரும்பும்போது பஸ் கொண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிலாவெளியிலை மழையோ?"

"ஓம், இடுப்புக்குக் கீழை," என்றேன். பஸ்ஸே சிரித்தது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலைந்து வருடங்கள் போயின. நான் எந்த யோசனை சொன்னாலும் அம்மா, "காத்தைப் பாத்தனியோ?" என்று கேட்பது வீட்டு வழக்கமாகிவிட்டது, கலியாணம் பேசி வந்த தரகரின் முன்னாலும் கேட்டாள். எண்பதுகள் தொடங்கிய பிறகு ஓர் ஆடி மாதம், தங்கையின் கலியாணத்துக்காக நசீர் கப்பலிலிருந்து வந்தான். கொஞ்சம் பருத்திருந்தான், கையில் வெளிநாட்டு மணிக்கூடு. இருவரும் டச்சுக்குடா மணலில் போய் இருந்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் கச்சான் அடித்தது. அவன் விரல்கள் தன்பாட்டில் முழங்காலில் தாளம் போடுவதைக் கண்டேன்.

எத்தனையோ நாள் தனியே சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை, பகிடிபோல, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மச்சான், டிரம் இன்னும் வீட்டிலை கிடக்கு. மிளகாயைத் தட்டிவிட்டால் சரி. அன்ரனையும் கேப்பம். திரும்பத் தொடங்குவமே?"

நசீர் தாளத்தை நிறுத்தினான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்தப் பக்கத்துக் கடல்ல?"